ஒரு பிள்ளைக்கு எத்தனை பணம்

சாமி எல்லோருக்கும் புத்தியைப் பொதுவாகத்தான் கொடுத்திருக்கிறார். அவரைநாடு என்ற ஒரு நாட்டின் மந்திரிகள் மூன்று பேருக்கும் கொடுத்திருந்தார். எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். கூரை இற்றுப்போய், உள்ளேயிருந்து பார்த்தால் வானம் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் படிப்பு நின்றுபோகும் என்று வாத்தியாரம்மா பூரணத்தம்மாள் அரண்மனைக்கு வந்து கேட்டார்.

ராஜாவுக்கு ஒரு சந்தேகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் துவரைநாட்டில் பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள்? மந்திரிகளைக் கூப்பிட்டார்.

"போய் விசாரித்து வாருங்கள். தலைக்கு அவர்கள் கொடுப்பதைவிட நம் பிள்ளைக்கு ஒரு பணமாவது கூட விழ வேண்டும். அதுவரைக்கும் என் முகத்தில் முழிக்காதீர்கள்."

போனார்கள். விசாரித்தார்கள். அங்கே ஒரு பிள்ளைக்குப் பத்துப் பணம். இங்கே ஐந்து. ராஜா முகத்தில் முழிக்கக் கூடாதே! ஆகையால் மூன்று பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சபைக்குள் வந்து, ஒரு தூணைக் கும்பிட்டு அதனிடம் விவரம் சொன்னார்கள். ராஜா எழுந்து வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார்.

அப்புறம் ஆலோசனை. பள்ளிக்கூடப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் பணம் போடலாமே என்றார் சின்ன மந்திரி. மற்ற இரண்டு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, உன் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் பத்தவில்லை. தலைக்கு இரண்டு கரண்டி ஊற்றியாக வேண்டும். என்ன செய்வாய்?" என்று கேட்டார் பெரிய மந்திரி.

"இன்னும் கொஞ்சம் காய்ச்சுவேன்."

"அதற்குப் பால் வேண்டும், வெல்லம் வேண்டும், அடுப்பை மறுபடி மூட்ட வேண்டும். பந்தியில் பாதிப் பேரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது."

அப்படியே பாதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்குப் பத்து வந்தது. ஒரு பணமாவது கூட விழ வேண்டுமே, இன்னும் சில பேரை அனுப்பினார்கள். தொகை ஏற ஏற ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் செங்கமலம் என்று ஒரு சிறுமி மட்டும் மிஞ்சினாள். பெட்டிப் பணம் முழுவதும் அவள் பங்கு. உலகத்தில் எந்த ராஜாவும் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கொடுத்ததில்லை என்று ஊரெல்லாம் முரசு அறைந்தார்கள்.

பூரணத்தம்மாள் கூரையை ஞாபகப்படுத்தினார். ஓடு போட்டால் பெட்டிப் பணம் குறையும், அந்தக் குழந்தையின் பங்கில் கைவைத்த பாவம் நமக்கு வேண்டாம் என்றார் நடு மந்திரி. முதல் மழையிலேயே செங்கமலத்துக்குச் சளி பிடித்தது. அவளும் வீட்டோடு இருந்துவிட்டாள்.

பள்ளிக்கூடப் பெட்டி பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது மட்டும் தனியே நனைந்துகொண்டிருந்தது. ராஜா பதறிப்போனார். பிள்ளைகள் பணம் களிம்பு பிடிக்கலாமா? யானைக் கொட்டகைக் கணக்கிலிருந்து பணம் எடுத்து, அவசர அவசரமாக நல்ல ஓடு வேய்ந்தார்கள். நடுவில் பெட்டி. காவல்காரர் நனையாமல் இருக்கச் சுற்றிலும் அகலமான தாழ்வாரம்.

மழை வலுத்தது. பூரணத்தம்மாள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, தாழ்வாரத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். செய்தி கேட்டு மந்திரிகள் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். இத்தனை தலை சேர்ந்தால் பங்கு பழையபடி ஐந்துக்கு இறங்கிவிடுமே.

"யாரைக் கேட்டு இவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள், அம்மா?"

"சேர்க்கவில்லை, ஐயா. மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள்."

மந்திரிகள் தனியே போய் ஆலோசித்தார்கள். மழைக்கு ஒதுங்கினவர் கணக்கில் வரமாட்டார். கணக்கில் வராதவருக்குப் பங்கு கிடையாது. பெரிய மந்திரி திரும்பி வந்து, மழை விட்டதும் எல்லோரும் எழுந்து போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சித்திரை பிறந்தது. மண் வெடிக்கிற வெயில். பிள்ளைகள் தாழ்வாரத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மந்திரிகள் மூன்று பேரும் தாழ்வாரத்துக்கு வெளியே வெயிலில் வந்து நின்றார்கள்.

"இன்னும் மழை விடவில்லையா, அம்மா?"

"தூறிக்கொண்டுதானே இருக்கிறது, ஐயா" என்றார் பூரணத்தம்மாள்.

பெரிய மந்திரி குனிந்து உள்ளங்கையை நீட்டினார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அதில் விழுந்தது. மற்ற இரண்டு பேருக்கும் காட்டினார். ஆமாம் என்று அவர்களும் தலையாட்டினார்கள். மூன்று பேரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, பள்ளம் கண்ட இடமெல்லாம் தாண்டித் தாண்டி, வழுக்கிவிடாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.