கரும்பச்சைக் கதவு

"எப்போ நிறுத்தணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க, சிஃபு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்."

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது அவர் தோளில் ஒரு கார்க் கதவு இருந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், நேசமலர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார்.

நேசமலருக்குப் பகலில் பொய்ப்பல் செய்து கொடுக்கும் வேலை. மீதி நேரத்தில் பழைய ஜப்பான் கார்களை வீட்டு போர்ச்சிலேயே பிரித்துப் பூட்டுவார். தணிகாசலத்தைவிட வயதில் மிகவும் சிறியவர். ஆனாலும் பழைய கார் வைத்திருக்கும் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் அவர் சிஃபுதான். சிஃபு என்றால் அந்த ஊரில் குரு.

கேட் திறந்தது.

"கதவை இறக்கி வைங்க, அண்ணே."

இறக்கி வைத்தார். கதவின் நடுவே நீளமாக ஓடும் மடிப்பில், சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு தேய்ந்து போய், உள்ளே இருந்த தகடு வெள்ளிக் கோடாகப் பளபளத்தது.

"எத்தனாவது தடவை?"

"மூணாவது. நல்லாத்தான் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா இன்னும் நல்லா வரும்னு..."

அவர் வாழ்க்கையில் நடந்த பல காரியங்களுக்கு இந்த வாக்கியமே போதும்.

கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தவர் அவர். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. வீட்டில் குழாயை இறுக்குவார், அது உடையும். சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்வார், அது நிற்கும். அவர் மனைவி அரசி புதிதாக எது வாங்கினாலும் கொஞ்ச நாள் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வெளியே எடுப்பாள்.

பத்து காஜா என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறம், கொடி படர்ந்து கிடந்த எழுபத்து மூன்றாம் ஆண்டு செலிக்கா காரை அவர் வாங்கி வந்தபோது, அரசி கோபப்படவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, சரிந்த முதுகு. அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

முடிந்ததும் தன்னை லூமூட் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போய், மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று தீபாவளி வந்து போய்விட்டது.

இன்ஜின் ஓடியது. இருக்கைகள் தைத்தாகிவிட்டன. உடம்பு மட்டும் பாக்கி. அந்த மாடலுக்குக் கதவு இனி எங்கேயும் கிடைக்காது. இருப்பதைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடுவோமோ என்ற பயம்தான் அவரை சிஃபுவிடம் கொண்டுவந்து நிறுத்தியது.

சிஃபு ஒரு பழைய மட்கார்டைக் கொண்டுவந்து போட்டார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்தார்.

"தேய்ங்க."

சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலி ஆயத் தொடங்கினார்.

தணிகாசலம் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, ஜப்பானியப் பூச்சு பற்றித் தான் படித்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். துடைத்துப் பார்த்தார். கண்ணாடி வைத்தாற்போல் மட்டமாக இருந்தது.

அடுத்த இடத்துக்குப் போனார். அங்கேயும் கொஞ்ச நேரத்தில், திரும்பிப் பார்க்காமலே, "நிறுத்துங்க."

அங்கேயும் மட்டம்.

"பார்க்காமலே எப்படித் தெரியுது, சிஃபு?"

"நீங்க பேசிக்கிட்டே தேய்க்கிறீங்க."

இது என்ன பதில் என்று தணிகாசலத்துக்கு விளங்கவில்லை. ஆனால் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

மூடியபிறகுதான் கேட்டது. மேடு இருக்கும்வரை தாள் சர், சர் என்று முரண்டு பிடித்தது. மேடு கரைந்ததும் சத்தம் இளகி, ஈரத் துணியை இழுப்பதுபோல் ஆனது.

அவர் கையை எடுத்தார். முதுகைக் காட்டியபடியே சிஃபு தலையை ஆட்டினார்.

அதிலிருந்து சனிக்கிழமை மதியம் தோறும் அங்கே போனார். கதவு, பானெட், பின் மூடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தேய்த்தார். சிஃபு தன் வேலையைச் செய்வார். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. தணிகாசலத்துக்கு அந்த மதியங்கள் பிடித்திருந்தன. ஆயுளில் முதல்முறையாக, குறை தேடாமல் ஒரு பொருளைத் தொடுவதாக அவருக்குத் தோன்றியது.

ஒருநாள் சிஃபு கேட்டார்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"முன்னெல்லாம் எப்ப முடியும், எப்ப முடியும்னு கேட்டுக்கிட்டே இருப்பா. இப்பக் கேக்கறதே இல்ல." பெருமையாகவே சொன்னார். "ஒரு வருசமா ஒரு வார்த்தை இல்ல. புரிஞ்சிக்கிட்டா."

சிஃபுவின் கையில் அன்று கொத்தமல்லிக் கட்டு இருந்தது. கிள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது.

கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு இது போதும். வீட்டுக்குப் போங்க, அண்ணே," என்றார்.

வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. தேய்த்ததில் ஏதோ பிழை போலிருக்கிறது என்று தணிகாசலம் பானெட்டைக் குனிந்து குனிந்து பார்த்தார். பிழை ஒன்றும் தெரியவில்லை.

பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தது. தணிகாசலத்தின் வீட்டு போர்ச்சைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டி, தூசி பறக்காமல் தரையை நனைத்து, கரும்பச்சை அடித்தார்கள். முதல் பூச்சு சிஃபு. கடைசிப் பூச்சு தணிகாசலம். ஒழுகவில்லை, திட்டு விழவில்லை.

"எனக்கு நிறுத்தத் தெரிஞ்சிடுச்சு, சிஃபு," என்றார்.

"கதவுல தெரிஞ்சிடுச்சு," என்றார் சிஃபு.

பூச்சு இறுகியதும் எல்லாவற்றையும் பூட்டினார். ஒரு சனிக்கிழமை மாலை, டியூப் லைட் வெளிச்சத்தில், கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். டப்பென்று ஒரே சத்தம். திரும்பவும் திறந்து சாத்தினார். அந்தச் சத்தத்துக்காகவே.

உள்ளே போய் அரசியிடம், நாளைக் காலையில் லூமூட் போகலாம் என்று சொன்னார்.

அரசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள். அடுத்த துணியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் கேட்டைத் தாண்டிச் சாய்வாக விழுந்தது. அந்த வெயிலில்தான் அவர் கண்ணில் பட்டது.

இடதுபக்கக் கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, பூச்சுக்குள் ஒரு பூச்சி.

எள்ளில் பாதிகூட இருக்காது. இறக்கை விரித்தபடி உள்ளே ஒட்டியிருந்தது.

நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மேலே இல்லை, ஆழத்தில் இருந்தது. எடுப்பதென்றால் பிரைமர்வரை தேய்க்க வேண்டும். தேய்த்தால் கதவு முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும்.

காரை வந்து பார்க்கச் சொல்லி சிஃபுவை முந்தின நாளே அழைத்திருந்தார். சிஃபு தன் மஞ்சள் டட்சனில் வந்து இறங்கியபோது, தணிகாசலம் வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, கையில் உப்புத்தாளோடு நின்றார்.

சிஃபு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

தணிகாசலம் விரலால் காட்டினார்.

சிஃபு குனிந்தார். "பழ ஈ," என்றார்.

"கதவு மட்டும்தான், சிஃபு. ஒரு வாரம். கூடிப்போனா ரெண்டு. எடுக்கறதா, விடறதா? இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

சிஃபு வாளியைத் தூக்கினார். போர்ச் ஓரத்தில் தொட்டியிலிருந்த பண்டான் செடிக்கு அவ்வளவு தண்ணீரையும் ஊற்றினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"வரேன், அண்ணே."

மஞ்சள் கார் முனை திரும்பிப் போயிற்று.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒன்று, செய்தது ஒன்று. இத்தனை மாதம் வந்து போனவனுக்கு ஒரு ஆம், இல்லை கூடக் கிடையாதா?

வாளியை நிமிர்த்தினார். திரும்பத் தண்ணீர் பிடித்தார். கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உப்புத்தாளை நனைத்தார்.

கண்ணாடிபோல் மின்னிய புதுக் கரும்பச்சையில் வீட்டு முகப்பு முழுதும் தெரிந்தது. செருப்பு அடுக்கு, பண்டான் தொட்டி, தனக்குப் பின்னால் திறந்திருந்த வாசல்.

வாசலில் அரசி வந்து நின்றாள்.

நீலச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. முகத்தில் கடற்கரைக்குப் போடும் பெரிய கறுப்புக் கண்ணாடி. அப்படி ஒரு கண்ணாடியை அவர் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

அவள் அவருடைய முதுகைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தாள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். உள்ளே திரும்பினாள்.

பெருமூச்சு இல்லை. முகத்தில் ஏமாற்றமும் இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போகிறவளைப் போல, சாதாரணமாகப் போனாள்.

கைப்பிடிக்கு மேலே பழ ஈ இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் முதுகு சிறிதாகிக்கொண்டே போயிற்று.

"அரசி."

நின்றாள்.

"அந்தக் கண்ணாடி புதுசா?"

"வாங்கி ரொம்ப நாளாச்சுங்க."

தணிகாசலம் எழுந்தார். முட்டி வலித்தது. உப்புத்தாளை வாளிக்குள் விட்டுவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இடதுபக்கக் கதவை அகலத் திறந்தார்.

அரசி கிட்டே வந்தாள். கதவைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு, ஒரு வருடமாகக் கேட்காமல் விட்டிருந்ததைக் கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல," என்றார் தணிகாசலம். "ஏறு."