முதலில் நீங்கள் குடியுங்கள்

ஆற்றோரம் மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், யோசிப்பதற்குச் சோம்பல்படும் சிங்கம் ஒன்று ஆண்டுவந்தது. அதற்குப் பதிலாக யோசிக்க, நான்கு நரிகள் 'காட்டுப் பாதுகாப்பு ஆய்வு மன்றம்' அமைத்திருந்தன.

ஒரு கோடையில் மன்றத் தலைவரான கிழநரி அறிக்கையோடு வந்தது.

"அரசே, அக்கரைக் காட்டெருமைகள் படையெடுக்கப் போகின்றன! ஆற்றுத்துறையை முள்வேலி போட்டு அடைக்க வேண்டும்."

"அடைத்தால் மான்கள் எங்கே தண்ணீர் குடிக்கும்?"

"தெற்கே மடு இருக்கிறது. ஆய்வு செய்துவிட்டோம். மிகப் பாதுகாப்பான இடம்."

"அப்படியே செய்" என்று கொட்டாவி விட்டது சிங்கம்.

துறை அடைபட்டது. மடுவுக்குப் போன மான்களில் மூன்று திரும்பவில்லை.

"எருமைகள் கடத்தியிருக்கும். வேலியை இன்னும் உயர்த்துங்கள்!" என்றது கிழநரி.

மான்கள் பயந்து மடுவுக்குப் போவதை நிறுத்தின. தாகத்தால் ஒரு புள்ளிமானின் குட்டி எழுந்து நிற்கவும் முடியாமல் படுத்துவிட்டது. தாய்மான் நேரே அரசவைக்குப் போனது.

"எருமைப் படையை உங்களில் யார் பார்த்தீர்கள்?" என்று அங்கிருந்த நரிகளைக் கேட்டது.

"அது இரகசியம், அம்மா. வெளியே சொல்லக் கூடாது" என்றது கிழநரி.

"மடு பாதுகாப்பானதுதானே?"

"அறிக்கையில் ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறோமே!"

"அப்படியானால் முதலில் நீங்கள் நால்வரும் இறங்கிக் குடியுங்கள். பிறகு நாங்கள் குடிக்கிறோம்."

"நியாயமான பேச்சு. நடங்கள்!" என்று எழுந்தது சிங்கம்.

மடுவின் கரையில் நரிகளின் கால்கள் நகரவில்லை.

"எனக்குத் தாகமே இல்லை, அரசே" என்றது கிழநரி.

"எனக்கு ஜலதோஷம்" என்றது இன்னொன்று.

மூன்றாவது நரியைச் சிங்கம் முன்னே தள்ளியது. அது அலறியது: "ஐயோ, மாட்டேன்! மான்களை அனுப்புவதற்கு எங்களுக்குத் தினமும் மீன் கொடுக்கிறது என்பதற்காக முதலை என்னை விட்டுவிடுமா?"

மடுவில் இரண்டு கண்கள் மெல்ல அமிழ்ந்தன.

"அறிக்கையில் முதலையே இல்லையே!" என்று கர்ஜித்தது சிங்கம். நான்கு நரிகளும் எடுத்த ஓட்டம் காட்டின் எல்லை தாண்டியும் நிற்கவில்லை.

வேலியின் முதல் முள்ளைச் சிங்கமே பிடுங்கியது. மான்கள் ஆரவாரத்தோடு துறையில் பாய்ந்தன. தாய்மான் தாங்கிவந்த குட்டி, முழங்கால் மடித்து வயிறு முட்டக் குடித்தது.

அக்கரையில் நீர் அருந்திக்கொண்டிருந்த கிழட்டுக் காட்டெருமை தலை நிமிர்ந்தது.

"என்ன மக்களே, இத்தனை நாளாக ஆளையே காணோம்? எங்கள் மேல் ஏதாவது கோபமோ?"

நீதி: பயமுறுத்தி யோசனை சொல்பவரிடம், அதனால் யாருடைய வயிறு நிறைகிறது என்று கேட்ட பிறகே கேட்டு நட.