டைரக்டர் ஏறாத விமானம்

லண்டன் விமானத்தின் இன்ஜினுக்குள் சுழலும் தேய்ந்த தகடுகளை மாற்றத் தேவையான புது டர்பைன் பிளேடுகள் வரவில்லை. அதனால் டெக்னீஷியன் லூர்துராஜ் அதில் 'பறக்கக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டியிருந்தார். கட்டியவரே அவிழ்க்க வேண்டும் என்பது விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்த ஹாங்கரின் வழக்கம்.

"பழைய பிளேடே ஓடும்யா. அட்டையை அவிழ்த்துட்டு, வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா உன் வேலை போயிடும்" என்றார் விமானக் கம்பெனி டைரக்டர் சந்தானகிருஷ்ணன்.

"போடறேன் சார். நாளைக்கு நீங்களும் லண்டன் போறீங்களாமே. உங்க சீட்டை இதுலயே போடச் சொல்லட்டுமா?"

"எனக்கெதுக்குய்யா இது? பிளேடு மாத்தின வேற விமானத்துலதான் நான் போறேன்!"

ஹாங்கர் முழுக்கக் கேட்டது. லூர்துராஜ் கையெழுத்துப் போடாமலே பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை அவரை சீட் உறை துவைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஹாங்கர் வழக்கம் ரத்து என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். விமானம் முந்நூற்றுப் பத்துப் பேரோடு குறித்த நேரத்தில் கிளம்பியது.