மஞ்ச வட்டம்

ஒரு ஊர்ல ஒரு வாய்க்கால். அதுல ரெண்டு பொம்பளைங்க தொப்பு தொப்புன்னு துணி தப்பிக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தி அஞ்சலை. அவ சொல்றா, "எதிர்வீட்டுக் காத்தாயி அடுப்படிக்குள்ள போனா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுல்ல போகணும். மருமக வந்து அஞ்சு மாசம் ஆச்சு. என்ன பிரயோசனம்?"

அந்த மருமக அப்போ புதருக்குப் பின்னாடி குடத்தோட நிக்கிறா. அவ பேரு வேம்பு. எல்லாம் காதுல விழுந்துருச்சு. கேக்குறியா?

"ம்."

வேம்புக்கு முகமே சுருங்கிப் போச்சு. அவளும் என்ன பண்ணுவா? காத்தாயி நல்ல மாமியார்தான். ஆனா அடுப்படிக்குள்ள மட்டும் விட மாட்டா. "நீ வெளிவேலையைப் பாரு தாயி, சமையலை நான் பாத்துக்கறேன்"னு சொல்லிருவா.

போகிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. அன்னைக்குக் கோயில்ல அரிசி புடைக்கக் கூப்பிட்டாங்கன்னு காத்தாயி கெளம்பிப் போனா. அவ தலை மறைஞ்சதும் வேம்பு சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு உள்ள நுழைஞ்சா. கடகட மடமடன்னு எல்லாத்தையும் இறக்கினா. கிழிஞ்ச முறம், தேஞ்ச துடைப்பம், காலொடிஞ்ச மணை எல்லாம் வாசலுக்குப் போச்சு, போகியில கொளுத்த. அப்புறம் பலகையில விரிச்சிருந்த காகிதத்தைப் பாத்தா. டப்பா இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமா கறை. எண்ணெய் வட்டம், புளி வட்டம், மஞ்ச வட்டம். "சீ"ன்னு சுருட்டி அதையும் குப்பையில போட்டா. புதுக் காகிதம் விரிச்சு, உயரம் பாத்து டப்பாவையெல்லாம் வரிசையா அடுக்கினா.

காத்தாயி வந்தா. "பாருங்க அத்தை, எப்படி இருக்கு?"

காத்தாயி கை பலகையைத் தொட்டுச்சு. முகம் வெளுத்துப் போச்சு. அப்புறம், "ரொம்ப அழகா இருக்கு தாயி"ன்னா. ஆனா பலகையைப் பாத்து சொல்லல. எதிர்ச்சுவரைப் பாத்து சொன்னா.

"ஏன் சித்தி?"

பொறு, வருது.

மறுநாள் விடிஞ்சா வாசல்ல ஒரே காக்கா. கா கா கா. வேம்பு ஓடிப் போய்ப் பாத்தா. காத்தாயி போட்ட கோலம் வெள்ளையா இல்ல, செம்மண் மாதிரி இருக்கு. கேப்பை மாவு. அஞ்சலை எதிர்ல நின்னு, "என்ன காத்தாயி, திங்கிற மாவுல கோலம்? வீட்ல அவ்வளவு கொழிக்குதோ?"ன்னா. "காக்கா குருவி திங்கட்டுமே"ன்னு காத்தாயி சமாளிச்சுட்டா.

அப்புறம் அஞ்சலைக்கே ஒரு டம்ளர் காபி குடுத்தா. அவ ஒரு வாய் குடிச்சு, தூன்னு துப்பினா. பூராவும் உப்பு.

"உன் கண்ணு பொல்லாத கண்ணு. திருஷ்டி கழிக்கத்தான் உப்பு"ன்னா காத்தாயி.

வேம்பு என்ன நெனச்சா தெரியுமா? நான் அடுக்கினது பிடிக்கல, வேணும்னே பண்றாங்கன்னு நெனச்சா.

"ம்."

மூணாவது கூத்து, அன்னைக்கு மத்தியானம். அடுப்புல பருப்பு கொதக் கொதக்னு கொதிக்குது. காத்தாயி கை விசுக்குன்னு பலகைக்குப் போச்சு. முன்னாடி அங்க மஞ்சத்தூள் இருந்துச்சு. இப்போ வேம்பு கத்தியை வச்சிருந்தா. சரக். சொட்டு சொட்டா ரத்தம். காத்தாயி கத்தல. காயத்துல வைக்க மஞ்சத்தூளைத் தேடினா. கை இந்தப் பக்கம் தடவுது, அந்தப் பக்கம் தடவுது. டப்பா அவ மூக்குக்கு நேரா இருக்கு, சாண் தூரத்துல. கண்ணும் திறந்துதான் இருக்கு.

வாசப்படியில நின்ன வேம்பு அதைப் பாத்துட்டு உள்ள ஓடினா.

"கண்ணு தெரியாதா சித்தி?"

தெரியாது. அஞ்சு மாசம் ஒரே வீட்ல இருந்திருக்கா, வேம்புக்கே தெரியல.

அவ மஞ்சளை அள்ளி வச்சு, துணி கிழிச்சுக் கட்டினா. "எத்தனை நாளா அத்தை?"

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில இருந்து."

"உங்க பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குப் போகிக்கு வர்றான்ல, நீயே சொல்லு. 'நீ உக்காரும்மா'ன்னு மூலையில பாயைப் போட்டுருவான். நாளன்னைக்குப் பொங்கப் பானையை யாரு ஏத்துவா? முப்பது வருஷமா நான் ஏத்தின பானை தாயி."

"டாக்டர்கிட்ட போகலையா சித்தி?"

போனாங்க, தை மாசம். அது வேற கதை. மொதல்ல பொங்கல் வைக்கணும்ல.

அப்போ வேம்பு, "எது எது எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க அத்தை, அப்படியே வச்சுடறேன்"னா.

காத்தாயி வாயைத் திறந்தா. யோசிச்சா. "வாய்க்குத் தெரியலையே. கைக்குத்தான் தெரியும்"னா.

வெளிய டமடம டமடம. பசங்க போகி மேளத்தை அடிச்சுப் பாக்குறாங்க. விடிஞ்சா குப்பைக்குத் தீ வச்சுருவாங்க. வேம்பு விருட்டுன்னு எந்திரிச்சா. வாசலுக்கு ஓடி, குப்பையில முட்டி போட்டு, முறத்தைத் தூக்கி எறிஞ்சா, மணையைத் தள்ளினா, அடியில கையை விட்டு இழுத்தா.

"என்னடி, கழிச்ச குப்பையை உள்ள கொண்டு போற? மாமியா புத்தி ஒட்டிக்கிச்சா?"ன்னா அஞ்சலை.

"ஆமா பெரியம்மா"ன்னா வேம்பு.

உள்ள வந்து, கசங்கின காகிதத்தை நீவி நீவிப் பலகையில விரிச்சா. எண்ணெய் வட்டத்து மேல எண்ணெய். புளி வட்டத்து மேல புளி. கத்தியை எடுத்து உயரத்துல ஆணியில மாட்டினா. கடைசியா மஞ்ச வட்டத்து மேல மஞ்சத்தூள் டப்பாவை வச்சா.

கதையும் அதோட இடத்துக்குப் போயிருச்சு. காலை நீட்டு, கண்ணை மூடு.