பிடியை விட்ட முசுறுகள்

குளக்கரை மாமரத்தில் முசுறு எறும்புகள் கூட்டமாக வாழ்ந்தன. இலைகளை இழுத்துச் சேர்த்து, அவற்றை நூலால் தைத்துக் கூடு கட்டுவதில் அவற்றை மிஞ்ச அந்தக் காட்டில் யாரும் இல்லை. அதில் அவற்றுக்குக் கொள்ளைப் பெருமை!

அன்று காலை அடித்த காற்றில் கூடு கிழிந்துபோனது. ராணியம்மாவின் முட்டைகள் எல்லாம் திறந்த கிளையில் கிடந்தன. மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் புதுக்கூடு எழும்பாவிட்டால் முட்டைகள் குளத்தோடு போய்விடும்.

வேலைக்குத் தலைவி கட்டாரி. பெரிய தாடைக்காரி. அவள் கிளையின் உச்சியில் ஏறி நின்று கத்தினாள்.

"எல்லாரும் வாங்கடி! கைக்கு எட்டுற இலையை எல்லாம் பிடிச்சு இழுங்க! ஒண்ணையும் விடாதீங்க!"

எறும்புகள் ஓடின. கொஞ்சம் பேர் இந்த இலைக்கு, கொஞ்சம் பேர் அந்த இலைக்கு. ஒருத்தி இலையின் ஓரத்தைக் கவ்வினாள். அவள் இடுப்பை இன்னொருத்தி கவ்வினாள். அவள் இடுப்பை வேறொருத்தி. இப்படிச் சங்கிலியாகத் தொங்கி இழுத்தார்கள். எல்லா இலையும் கொஞ்சம் வளைந்தது. ஒரு இலைகூட மற்றொன்றைத் தொடவில்லை.

"அந்தப் பக்கம் ஆள் போதலை, நீ அங்கே ஓடு! நீ இங்கே வா! இல்லை இல்லை, அங்கேயே போ!" என்று கட்டாரி விரட்டினாள். பாதி எறும்புகளுக்கு ஓடுவதிலேயே பொழுது போனது.

சங்கிலியின் நடுவில் தொங்கிய செம்பி மூச்சு வாங்கினாள். "அக்கா, முதல்ல ஒரு இலையை முடிச்சிடுவோமே! தாடை எல்லாம் மரத்துப்போச்சு. கொஞ்சம் ஆள் மாத்தி விடேன்!"

"என்னடி பேச்சு இது? பிடிச்சா விடாதவள்தான் முசுறு! நம்ம குலத்துக்கே அதுதான் பேரு. முட்டை அங்கே கிடக்குது, உனக்கு ஓய்வு கேக்குதா?"

செம்பி முன்னால் இருந்தவளின் இடுப்பை மறுபடி கவ்விக்கொண்டாள். இன்னொரு முறை வாயைத் திறந்தால் பிடி நழுவிவிடும் என்ற பயம்!

கட்டாரி சொல்லோடு நிற்கிறவள் இல்லை. தானும் இறங்கி வந்து பெரிய இலை ஒன்றின் நுனியைக் கவ்வினாள். மூச்சைப் பிடித்து இழுத்தாள். பின்னால் இருந்தவளுக்குத் தாடை சோர்ந்தது. பிடி நழுவியது. அவ்வளவுதான்! வளைந்த இலை விசிறி அடித்தது. கட்டாரி காற்றில் பறந்துபோய் அடிமரத்துப் புல்லில் விழுந்தாள்.

புல்லோரம் கொட்டை கொறித்துக்கொண்டிருந்த அணில் சிரித்தது. "என்ன தலைவியம்மா, பறக்கக் கத்துக்கிட்டீங்களா?"

"வாலை ஆட்டுறவனுக்கு வேலையைப் பத்தி என்ன தெரியும்? போடா!" என்று சீறிவிட்டுக் கட்டாரி மரத்தில் ஏறத் தொடங்கினாள்.

ஏறும்போது முதலில் கோபம். பிறகு மழை முந்திவிடுமோ என்ற பயம். ஆனால் மரமோ உயரம். அவசரப்பட்டாலும் கால் போகிற வேகத்தில்தான் போக முடியும். கத்துவதற்கும் அங்கே ஆள் இல்லை. தாடைக்கும் வேலை இல்லை. கால்கள் பாட்டுக்கு நடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மனசு தெளிந்தது.

பாதி வழியில் அண்ணாந்து பார்த்தாள். இலையைக் கவ்வி இழுத்தபோது அவள் கண்ணில் பட்டது இலையின் நுனி மட்டும்தான். இப்போது கொத்து முழுவதும் தெரிந்தது. நுனிகள் விலகி விலகி நின்றன. ஆனால் காம்புப் பக்கத்தில் இரண்டு இலைகள் ஒட்டாத குறையாக நெருங்கி இருந்தன!

"அட! நுனியில போய் மல்லுக்கட்டினோமே! காம்புப் பக்கம் ஆரம்பிச்சா, கொஞ்சம் கொஞ்சமா தானே மூடிக்கிட்டு வருமே!"

மேலே வந்து பார்த்தால் ஒருத்தி வாயிலும் இலை இல்லை! எல்லாரும் துளிர்க் கொத்தில் இருந்த அசுவினிப் பூச்சிகளின் தேன்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். 

செம்பி முன்னால் வந்தாள். "நான்தான் விடச் சொன்னேன் அக்கா. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா உன் பின்னாலேயே எல்லாரும் விழுந்திருப்போம். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு!"

கட்டாரி தங்கைகளைப் பார்த்தாள். யாருக்கும் இப்போது மூச்சு வாங்கவில்லை. தாடைகள் மறுபடி கத்திபோல உறுதியாக இருந்தன. வந்த திட்டை விழுங்கிவிட்டாள்.

"திட்டுறதுக்கு நேரமில்லை. கேளுங்கடி! இந்த ரெண்டு இலை மட்டும். மத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. காம்புப் பக்கம் பிடிங்க. பாதிப் பேர் இழுக்கட்டும், பாதிப் பேர் தேன் குடிக்கட்டும். தாடை சோரும் முன்னாலேயே ஆள் மாத்துங்க!"

"சோரும் முன்னாலேயா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா! சோர்ந்த பிறகு மாத்தினா என்ன ஆகும்னு நான் பறந்து பார்த்துட்டேன்!"

கிளை முழுக்கச் சிரிப்பு. சிரித்தபடியே பிடித்தார்கள். காம்பருகே இரண்டு இலையும் சட்டென்று தொட்டன. தையல்காரிகள் முன்பே பொரிந்திருந்த, வாயால் நூல் விடும் புழுக்குழந்தைகளை வாயில் ஏந்தி வந்தார்கள். இந்த ஓரத்தில் ஒரு தொடல், அந்த ஓரத்தில் ஒரு தொடல். புழுக்கள் விட்ட வெள்ளை நூல் இலைகளைத் தைத்துக்கொண்டே போனது. ஒரு குழு விலகும், புதுக் குழு பிடிக்கும். ஒவ்வொருத்தியும் தன் முறை வரும்போது புதுத்தெம்போடு வந்தாள். நுனி வரை மூடிய பிறகே அடுத்த இலைக்குப் போனார்கள்.

கடைசி முட்டையைச் செம்பி உள்ளே கொண்டுவந்தாள். வாசலைத் தைத்து முடித்தார்கள். சடசடவென்று மழை இறங்கியது!

ராணியம்மா முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூட நனையவில்லை.

"பழைய கூட்டைவிட இது அழகா இருக்கே! யாருடி கட்டினது?"

"பிடிக்கவும் தெரிஞ்ச, விடவும் தெரிஞ்ச உன் பிள்ளைங்க, அம்மா!" என்றாள் கட்டாரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சுற்றி நின்ற எல்லாருடைய தாடையும் பெருமையில் உயர்ந்தது. மழை கூரையில் கொட்டு அடித்தது.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, சோர்ந்து விழும் முன்பே ஓய்வும் எடுப்பவர்களுக்குத்தான் வேலையும் சீக்கிரம் முடியும், நல்ல யோசனையும் தேடி வரும்.