நெடுங்கானல் சடைச்சியம்மையார்

காட்டைக் கூட்டுவதுதான் சடைச்சியம்மையாரின் தொழில். நெடுங்கானல் மலையில் கோடைக்கு முன்பு, தீ தாண்டாமல் இருக்க, காட்டின் குறுக்கே புல்லும் சருகும் இல்லாத அகலமான தடம் ஒன்றை எடுப்பார்கள். தீக்கோடு என்று அதற்குப் பெயர். அரசாங்கத்துத் தினக்கூலியாக அந்தக் கோட்டைப் பெருக்கி வந்தார் அம்மையார். காட்டுத்தீயை அடித்து அணைக்கப்போன கணவர் மொக்கையன் திரும்பி வராத ஆண்டிலிருந்து அந்த வேலை அவருடையதாயிற்று.

கோட்டுக்கு மேலே, சோலைக்குள், கானகநாதர் இருந்தார். சுவரில்லை, கூரையில்லை. ஒரு மருதமரத்தடியில் கல்லாக எழுந்தருளியிருந்தார். சுவரில்லாத சாமிக்குக் காடு முழுவதும் பிராகாரம் என்பது அம்மையாரின் எண்ணம். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் ‘சிவசிவா’ என்று சொல்லியே கூட்டுவார். தம் கையால் ஈச்ச ஓலையில் கட்டிய துடைப்பமான மாற்றைக் காலில் படாமல் வைப்பார்.

ஒரு தை மாதத்தில் புதிய உத்தரவு வந்தது. மரங்களைக் குறைத்தால் தீயும் குறையும்; இனிக் கோட்டுக்குக் கூலி இல்லை என்றார்கள். செல்லக்கண்ணு என்பவர் குத்தகை எடுத்து, பருத்த மரங்களாகப் பார்த்து வெட்டினார். அடிமரங்கள் லாரியேறின. கொப்பும் தழையும் கோட்டின்மேலேயே கிடந்து காய்ந்தன.

அம்மையார் அவரிடம் போய்க் கைகூப்பினார்.

“மொதலாளி, கொப்பையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிப் போடச் சொல்லுங்கய்யா. கோடு மூடிப்போச்சு.”

செல்லக்கண்ணு சிரித்தார். “கூலியவே நிப்பாட்டியாச்சு. இன்னும் யாருக்கும்மா கூட்டுற? ஒஞ்சாமி வந்து சம்பளம் தரப்போகுதா?”

“சம்பளம் என்னத்துக்கு? அவரு வாசலுய்யா இது.”

வேலையாட்களும் சிரித்தார்கள். அம்மையார் கோபம் கொள்ளவில்லை. காலையில் கடலைக்காட்டில் களையெடுத்துக் கஞ்சிக்குத் தேடிக்கொண்டார். மதியத்துக்கு மேல் மலையேறி, கொப்புகளைத் தனியாளாக இழுத்து ஒதுக்கினார். முள் கிழித்த உள்ளங்கையில் திருநீற்றை அப்பிக்கொண்டு மறுநாளும் போனார்.

பங்குனியில் ஒரு நண்பகல், வெட்டுக்காட்டுச் சருகில் தீப் பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. ஊரே மொட்டைப்பாறைமேல் ஏறி நின்றது. அம்மையாரோ மாற்றை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடினார். கோடு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று சருகை அள்ளி அள்ளி அதன்மேல் கொட்டிற்று. கொட்டக் கொட்டக் கூட்டினார்.

பாறையிலிருந்து பக்கத்து வீட்டுப் பேச்சி கத்தினாள். “ஏ சடைச்சியக்கா! ஓங்குடிசை பத்திக்கிருச்சு, ஓடியா!”

அம்மையார் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே, வெட்டுக்காட்டோரம் இருந்த அந்தக் குடிசையில் மொக்கையனின் வேட்டி ஒன்று மடித்தபடி இருந்தது. ஒரு கணம் கால்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. பிறகு மேலே சோலையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

புகை கண்ணை மறைத்தது. தோள் மரத்தது. “சாமி, கை ஓஞ்சுபோச்சு. இனி ஓம்பாடு” என்று முனகினார்.

அப்போது பக்கத்தில் இன்னொரு மாறு உரசும் ஓசை கேட்டது. பேச்சிதான் மனம் பொறுக்காமல் வந்துவிட்டாள் என்று நினைத்தார். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இருவருமாகக் கூட்டினார்கள்.

பொழுது சாய்கையில் தீ கோட்டின் விளிம்பு வரை வந்தது. தின்ன ஒன்றும் இல்லாமல், வெறும் மண்ணைப் பார்த்துப் படுத்துவிட்டது. சோலையில் ஓர் இலை கருகவில்லை.

முதலில் ஓடிவந்தவர் செல்லக்கண்ணு. “ஆத்தா, ஒங்கூடக் கூட்டுன ஆளு எங்க? சடை தொங்க, நெட்டையா...”

“ஆளா? நம்ம பேச்சியில்ல?”

“நான் பாறைய விட்டு எறங்கவே இல்லையேக்கா” என்றாள் பின்னால் வந்த பேச்சி. “நாங்க எல்லாருந்தான் பாத்தோம். ரெண்டு பேரு கூட்டுனீக.”

அம்மையார் பக்கத்து மண்ணைப் பார்த்தார். மாற்றின் கீறல்கள் இரண்டு வரிசையாகச் சோலை வரை போயிருந்தன. செல்லக்கண்ணு அந்த மண்ணில் விழுந்து கும்பிட்டார். அம்மையார் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார்.

“அவரையா வேலை வாங்கிட்டேன்! அந்த வெக்கையில, ஒரு வாய் தண்ணி குடிக்கிறீகளான்னுகூடக் கேக்கலையே!”

குடிசை போனதற்கு அழாமல், ஆண்டவனின் தாகத்துக்கு அழுத அந்தத் தாயின் அடிகள் நம் நெஞ்சில் இருக்கட்டும்.