தண்ணீர் வராத வீடு

செண்பகவல்லி அந்த நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர். ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிறதோ, அந்தத் தெருவில்தான் வாடகைக்கு வீடு பிடிப்பார். அங்கே ஒழுங்காக வரத் தொடங்கியதும் வராத இன்னொரு தெருவுக்குப் போய்விடுவார்.

வாடகை குறைவு என்பதற்காக என்று சிலர் சொன்னார்கள். கிறுக்கு என்றார்கள் சிலர்.

இருதயராஜ் சாலைப் பிரிவிலிருந்து மாற்றலாகி அவருக்குக் கீழே வேலைக்கு வந்தார். அவரைவிட வயதில் மூத்தவர். குழாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வந்த அன்றே கேட்டார்.

"ஊர் முழுக்கத் தண்ணி போய்ச் சேர்ந்துடுச்சான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

செண்பகவல்லி அவரை ஜீப்பில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, தரைக்குக் கீழே இறக்கி வைத்திருந்த குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இருதயராஜ் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு நூல்போலத் தண்ணீர் இறங்கியது.

"இப்ப சேர்ந்துடுச்சு," என்றார் செண்பகவல்லி.

அதன்பிறகு அவர் போகிற இடமெல்லாம் இருதயராஜும் போனார். வால்வு திறப்பவர்கள் அவரைச் சிஷ்யப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்தபின் பிள்ளையானதில் அவருக்கு வருத்தம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய திட்டம் வந்தது. மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டினார்கள். பழைய குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பதித்தார்கள். தெருக்கள் குடல் வெளியே தெரியக் கிடந்தன. வேலை முடிகிற நேரத்தில் செண்பகவல்லி காளவாசல் தெரு மேட்டுக்குக் குடிபோனார். புதிய குழாய் அங்கேதான் முடிந்தது.

அவர் கணவர் தாமோதரனுக்கு முந்தின வருஷம் இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மேட்டு வீட்டில் குழாய் பெரும்பாலும் காய்ந்து கிடந்ததால், கீழே தண்ணீர் லாரி நிற்கும் இடத்திலிருந்து அவர்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அவரிடம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. பெயிண்ட் வாளியில் வைத்து வீடு வீடாகச் சுமந்து வந்தது. ஒவ்வொரு வீட்டிலும், இங்கேயாவது இதை மண்ணில் வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்பார். கொஞ்சம் பொறுங்கள் என்பார் அவர்.

ஒருநாள் காலையில் இருதயராஜ் தாமோதரனைப் பார்த்தார். ஏற்றத்தின் பாதியில் குடத்தை இறக்கிவிட்டு, சுவரில் கையை ஊன்றிக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

இருதயராஜ் நேராக வால்வுக் குழிக்குப் போனார். காளவாசல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடச் சொன்னார். வால்வுக்காரர் காரணம் கேட்கவில்லை.

"நானே செய்யலாம்னுதான் இருந்தேன்," என்றார்.

மேட்டு வீட்டில் தண்ணீர் கொட்டியது. தாமோதரன் குழாயடியில் உட்கார்ந்து குளித்தார். செண்பகவல்லி பல காலைகள் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு ஆணையரிடம், கடைசி வீடுவரை வந்துவிட்டது என்று சொன்னார். நகராட்சி அந்தச் சொல்லையே பேனரில் போட்டு ஊரெங்கும் கட்டியது. அன்று தாமோதரன் செடியை மண்ணில் வைத்தார்.

செடி புதுத்துளிர் விட்ட சமயம், ரயில்வே கேட் காலனியிலிருந்து பாக்கியத்தாய் என்று ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். வெறுங்குடத்தைப் பொறியாளரின் மேஜைமேல் வைத்தார்.

"பேனர் கட்டுறதுக்கு முந்தியே எங்களுக்கு நின்னு போச்சு," என்றார்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று செண்பகவல்லி கேட்டார். சொல்லாமல் என்ன, வந்து வந்து போனதுதான் மிச்சம் என்ற பாக்கியத்தாய் இருதயராஜைக் காட்டினார்.

"மேடம் வீட்டுக்கே வருது, உங்களுக்கு வராம இருக்குமான்னு கேட்டாரு. வீட்டுக்குள்ள யாரோ மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்க, போய்ப் பாருங்கன்னாரு. நாங்களும் ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் போய்த் தேடிச் சண்டை போட்டுக்கிட்டோம்."

இருதயராஜ் அதை நம்பித்தான் சொல்லியிருந்தார்.

காளவாசல் தெருவுக்கும் கேட் காலனிக்கும் ஒரே குழாயிலிருந்துதான் தண்ணீர் பிரிந்தது. செண்பகவல்லி வால்வுக் குழிக்குள் இறங்கினார். சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து வால்வுக்காரரைப் பார்த்தார். வால்வுக்காரர் இருதயராஜைப் பார்த்தார். இருதயராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி வால்வைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். ஏறி வருவதற்கு அவருக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. கையைத் துடைத்தபடி பாக்கியத்தாயிடம் கேட்டார்.

"உங்க காலனியில வாடகைக்கு வீடு இருக்கா?"

"கடைசி வீடு பூட்டித்தான் கிடக்கு. நல்லா வந்த காலத்திலயும் அங்க தண்ணி ஏறாது."

"அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை மேட்டு வீட்டு வாசலில் வண்டி நின்றது. பீரோவும் கட்டிலும் ஏறியிருந்தன. இருதயராஜ் யாரும் கூப்பிடாமலே வந்தார்.

"வால்வைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாச்சே மேடம். இன்னும் எதுக்கு வீடு மாத்தணும்?"

"இந்த வீட்டுக் குழாய் ஒருதடவை பொய் சொல்லிடுச்சு. இனி அது நிஜம் சொன்னாலும் எனக்குத் தெரியாது."

"பொய் சொல்ல வச்சது நான்."

"தெரியும்."

"சாரை அப்படிப் பார்த்தப்புறம் என்னால சும்மா இருக்க முடியலை."

"அவர் குளிக்கிறதைப் பார்த்தப்புறம் சந்தேகப்பட என்னாலயும் முடியலைதான்," என்றார் செண்பகவல்லி.

கொல்லையில் தாமோதரன் கடப்பாரையோடு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். வேர் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி கிளறினார்.

இருதயராஜ் போய் அவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். கிளறிய மண்ணைக் காலால் தள்ளி மூடினார். திரும்பி வந்தார்.

"கேட் காலனி வீட்டுக்கு நான் போறேன் மேடம்."

"உங்க வீட்ல சம்மதிப்பாங்களா?"

"திட்டுவா. வந்துடுவா."

வண்டிக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றுவதா இறக்குவதா என்று கேட்டார். பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அத்தனை அசதி இருந்ததை இருதயராஜ் அன்றுதான் கவனித்தார்.

"இறக்குங்க," என்றார் செண்பகவல்லி.

பீரோ மறுபடி உள்ளே போனது. கொல்லையில் குழாய் இருமிவிட்டு நூலாக விழுந்தது. தாமோதரன் அதன்கீழே சொம்பை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இருதயராஜ் கிளம்பும்போது கேட்டார்.

"அந்த வீட்டில நான் எதைக் கவனிக்கணும் மேடம்?"

"தண்ணி வராதவரைக்கும் ஒண்ணும் வேண்டாம். நிம்மதியா இருங்க. திடீர்னு ஒருநாள் நல்லா வரும்."

"வந்தா?"

"அன்னைக்குத் தெருவில இறங்கிப் போய்ப் பாருங்க. ஊர்ல யாருக்கு உங்க மேல பிரியம் வந்திருக்குன்னு."